கரிசல் மண்ணும் கரண்ட் பாய்லரும்

கரண்ட் பாய்லர் ரிப்பேர் என்று எனக்கு வரும் போன்கள் வருசத்தில் இரண்டு பருவத்தில் கூடும். பங்குனி, சித்திரையில் கூப்பிடுகிறவர்கள் "பாய்லரைத் தொட்டா சுர்ருங்குது" என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூப்பிடுகிறவர்கள் "ட்ரிப்பர் நிக்க மாட்டேங்குது" என்பார்கள். பாய்லர் அதே பாய்லர்தான், கடையும் அதே கடைதான். நடுவில் மாறியது கோவில்பட்டி மண்.

நான் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை பழகியவன். சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து கரிந்துபோன கிணற்று மோட்டார்கள் மாட்டு வண்டியிலும் பிறகு டெம்போவிலும் வந்து இறங்கும். வயர்மேன் லைசென்ஸ் வாங்கியபின் தனியாக வந்தேன். டீக்கடைகளில் விறகும் கரியும் போய் கேஸ் வந்தது. கேஸ் விலை ஏறியதும் சிலர் கரண்ட் பாய்லருக்கு மாறினார்கள். கல்யாண மண்டபத்துக் கீசர், ஹாஸ்டல் மெஸ்ஸின் இட்லி ஸ்டீமர், ஆஸ்பத்திரி ஸ்டெரிலைசர் என்று தண்ணீரைச் சுடவைக்கிற சாமான்கள் எல்லாம் என் பக்கம் வர ஆரம்பித்தன. வெளியே எந்த உருவத்தில் இருந்தாலும் உள்ளே ஒரே குடும்பம்: ஒரு எலிமெண்ட், ஒரு தெர்மோஸ்டாட், சூடு மீறினால் நிறுத்துகிற ஒரு கட்-அவுட், நாலைந்து வயர். புது மாடலில் ஒரு சின்ன கார்டும் டிஸ்ப்ளேயும் கூடுதல்.

சித்திரை மாதத்து சுர்ரிலிருந்து ஆரம்பிக்கிறேன். எர்த் குழி எப்படிப் போடவேண்டும் என்று இந்திய தர நிர்ணயம் 3043-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜி.ஐ. பைப் என்றால் 40 மில்லிமீட்டர் உள்விட்டம், இரண்டரை மீட்டர் நீளத்துக்குக் குறையாமல். சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவது வழக்கம். செம்மண் பூமியிலோ ஆற்றங்கரையிலோ இப்படிப் போட்டால் ஓரளவுக்குக் கவலையில்லை. கரிசல் வேறு சாதி. மழை குடித்தால் உப்பி, குழைந்து, பைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் கரண்டை விழுங்க இதைவிட நல்ல மண் கிடையாது. வெயில் ஏறினால் சுருங்கி, ஆட்டுக்குட்டி கால் மாட்டுகிற அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு பைப்பை ஒட்டி ஓடினால் பைப்புக்கும் மண்ணுக்கும் ஒட்டுறவு போச்சு. இங்கே 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. ஐப்பசி மழையின் ஈரத்தை இந்த மண்ணில் எப்படித் தக்கவைப்பது என்று பருத்திக்காகவும் சோளத்துக்காகவும் அவர்கள் மண்டையைப் போட்டு உடைக்கிறார்கள். எனக்கும் அதே ஈரம்தான் வேண்டும், எர்த் பைப்புக்காக.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 100 வாட் குண்டு பல்பைப் பிடிப்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் "எர்த் ஜம்முனு இருக்கு அண்ணாச்சி" என்று சர்டிபிகேட் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பல்பு எரியத் தேவை அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த்தின் தடை 50 ஓம் இருந்தாலும் பல்புக்குக் குறைவது இருபது வோல்ட் சொச்சம். கண்ணுக்குத் தெரியாது. அதே எர்த் காய்ந்து 100 ஓமுக்குப் போயிருக்கும் நாளில் பாய்லர் உள்ளே பேஸ் வயர் பாடியில் ஒட்டினால் என்ன ஆகும்? 230-ஐ 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். லோடு மீறினால் வெட்டுகிற 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு மிக்ஸி ஓடுகிற மாதிரி, அசையாது. பாய்லர் பாடி ஏறக்குறைய முழு வோல்டேஜில் நிற்கும். டீ மாஸ்டர் ஈரக் கையோடு குழாயைத் திருப்புவார்.

அதனால்தான் கரிசல் பூமியில் எர்த்தை மட்டும் நம்பக் கூடாது, ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நிற்பது. ஜனங்கள் 'ட்ரிப்பர்' என்று சொல்வது அதைத்தான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் வெட்டிவிடும். 2.3 ஆம்பியர் என்பது அதன் எழுபது எண்பது மடங்கு. எம்.சி.பி. தூங்கினாலும் இது தூங்காது.

தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐப்பசியில் மழை விழுந்து மண் நனைந்ததும் கசிவுக்கு நல்ல வழி கிடைத்து, ட்ரிப்பர் வெட்ட ஆரம்பிக்கும். எட்டயபுரம் ரோட்டில் ஒரு டீக்கடை அண்ணாச்சி, தங்கமான மனுசன், இதே பாட்டைத்தான் பாடுவார்.

"தம்பி, காலையில நாலு மணிக்கு யாவாரம். இது வெட்டிக்கிட்டே கெடந்தா நான் எப்படிப் பொழைக்க? அதைத் தூக்கிட்டு டைரக்டா போட்டு விட்ருங்க."

"டைரக்ட் போடணும்னா வேற ஆளைப் பாருங்க அண்ணாச்சி."

"போன வருசம் ஒரு பையன் போட்டுக் குடுத்தானே, ஒண்ணும் ஆகலியே?"

"போன வருசம் மழை பெய்யல."

பேசிப் பயனில்லை. வெட்டுகிற விதத்தைக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதால் நான் நேரே கேள்விக்குப் போய்விடுவேன். பிளக்கை மாட்டினதுமே வெட்டுதா, சுவிட்சைப் போட்டதும் வெட்டுதா, கொஞ்ச நேரம் கொதிச்சபிறகு வெட்டுதா?

சுவிட்சைப் போட்டதும் வெட்டினால் எலிமெண்டிலோ வயரிலோ நேரடியான கசிவு. பத்து நிமிசம் கழித்து வெட்டினால், சூட்டில் விரிகிற ஏதோ ஒரு வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. மாட்டினதுமே, சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே வெட்டுவதுதான் ஆட்களைக் குழப்பும். "கரண்டே போகலியே, எப்படி வெட்டும்?" என்பார்கள். நம்மூர் சுவிட்ச் பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எலிமெண்டோடு இணைந்தே இருக்கும். எலிமெண்டில் கசிவு இருந்தால் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். கடையில் ஃபிரிட்ஜோ ஃபேனோ ஓடிக்கொண்டிருந்தால் அவற்றின் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு இந்த வழியாக மண்ணுக்குப் போகும். ட்ரிப்பர் கணக்குப் பார்த்து வெட்டிவிடும். ஃபிரிட்ஜில்தான் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தண்டமாகக் காசு கொடுத்தவர்கள் உண்டு.

எலிமெண்டின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் நைக்ரோம் சுருள். அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி, இறுக்கி அடைத்தது. வெளியே எஃகு அல்லது செம்புக் குழாய். பொடி காய்ந்திருக்கும் மட்டும் கரண்ட் குழாய்க்கு வராது. ஆனால் அந்தப் பொடிக்கு ஈரம் என்றால் உயிர். குழாயின் முனையில் உள்ள சீல் லேசாக விட்டிருந்தால் போதும், சும்மா கிடக்கும் காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மார்கழியில் மண்டபத்தில் விசேசம் கிடையாது. மழையும் பனியும் குடித்துக் கிடந்த கீசரைத் தை முதல் முகூர்த்தத்தன்று விடியக்காலை மூன்று மணிக்குப் போடுவார்கள். வெட்டும். மாப்பிள்ளை வீட்டார் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்கள்.

இந்த மாதிரி ஈரம் குடித்த எலிமெண்டை உடனே மாற்ற வேண்டியதில்லை. இன்சுலேஷன் தடையை அளக்கிற 500 வோல்ட் மெக்கரில் பார்ப்பேன். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கழற்றிக்கொண்டு தெரிந்த பேக்கரிக்குப் போவேன். ராத்திரி கடைசி பன் எடுத்த பிறகு இறங்குகிற சூட்டில் எலிமெண்ட் விடிய விடியக் கிடக்கும். காலையில் மறுபடி மெக்கர். முள் ஏறியிருந்தால் முனையை சிலிக்கான் வைத்து அடைத்து மாட்டிவிடலாம். ஏறாவிட்டால் குழாயில் வெடிப்பு. தூக்கிப் போட வேண்டியதுதான்.

வெடிப்புக்குக் காரணம் தேடினால் தண்ணீரில் போய் நிற்கும். சீவலப்பேரியிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீர் பிடிக்கிற கடையில் எலிமெண்ட் வருசக்கணக்கில் நிற்கும். போர் தண்ணீர் ஊற்றுகிற கடையில் அதன்மேல் வெள்ளைக் கல் ஏறும். கல்லுக்கு அடியில் சூடு வெளியே போக வழியில்லாமல் குழாய் தாங்க முடியாத அளவுக்குச் சூடேறி ஒரு இடத்தில் விரியும். கல்லை எடுக்க ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறவர்கள் எனக்கு நல்ல வருமானம் தருகிறவர்கள். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு தானே உதிரும். மளிகைக் கடையில் கிடைக்கிற சாமான்தான். சொன்னால் யார் கேட்கிறார்கள்.

காயில் கட்டும் கடையில் எங்களுக்குச் சீரீஸ் போர்டுதான் சாமி. ஒரு பல்பை சீரீஸில் வைத்துச் சாமானைச் சோதிப்பது. மோட்டாருக்கு அது நன்றாக வேலை செய்யும். பாய்லருக்கு அது உதவாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 2000 வாட் எலிமெண்டின் தடை சுமார் 26 ஓம். எரிகிற 100 வாட் பல்பின் தடை 500 ஓமுக்கு மேல். எலிமெண்ட் நன்றாக இருந்தாலும் பல்பு முழுசாக எரியும், உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் முழுசாக எரியும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குப் பல்பின் இழை சிவக்கக்கூடச் செய்யாது. ஓம் மீட்டரை வைத்து, வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்து வருகிற எண் வருகிறதா என்று பாருங்கள்: 1500 வாட்டுக்கு 35, 2000-க்கு 26, 3000-க்கு 17 அல்லது 18 ஓம். வந்தால் எலிமெண்ட் உயிரோடு இருக்கிறது. கசிவுக்கு மெக்கர். இரண்டு நிமிச வேலை.

"எலிமெண்ட் வீக்காயிருச்சு, கொதிக்க நேரமாகுது" என்ற புகாரில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எலிமெண்ட் இருக்கும் அல்லது போகும். நரை விழுந்து கிழடாகிற சாமான் இல்லை அது. உண்மையில் வீக்காவது வோல்டேஜ். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 2000 வாட்டில் ஐம்பது நிமிசம் ஆகும். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அதே எலிமெண்ட் 1225 வாட்தான் தரும். கொதிக்க எண்பது நிமிசம். கிராமத்துப் பக்கம் பம்புசெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும்போது இதைப் பார்க்கலாம். டவுனுக்குள் என்றால் நான் முதலில் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். சாக்கெட்டின் பித்தளை நாக்கு தளர்ந்து கறுத்திருக்கும், பிளக் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். பாய்லருக்குப் போகவேண்டிய சூட்டில் ஒரு பங்கை சாக்கெட் தின்றுகொண்டிருக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் வைத்து 3000 வாட் ஓட்டினால் அதுவும் 13 ஆம்பியர் இழுக்கும்; பிளாஸ்டிக் உருகுகிற வாசம்தான் முதல் எச்சரிக்கை.

இதைவிட மோசமான ஒன்றை ஒரு வரிசைக் கடைக் கட்டடத்தில் பார்த்தேன். பாய்லர்காரர் "சூடே ஏறல" என்று கூப்பிட்டார். போனால் பக்கத்து செல்போன் கடைக்காரர் "ரெண்டு நாளா பல்பு பல்பா வெடிக்குது, சார்ஜர் எல்லாம் போச்சு" என்று சண்டைக்கு நிற்கிறார். அவருக்கும் பாய்லருக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. மூணு பேஸ் சர்வீஸ், கடைக்கு ஒரு பேஸ் பிரித்துக் கொடுத்தது, நியூட்ரல் எல்லாருக்கும் பொது. அந்தப் பொது நியூட்ரல் அறுந்தால் இரண்டு கடைகளும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பெரிய லோடு உள்ள பாய்லருக்கு வோல்டேஜ் குறையும், சின்ன லோடு உள்ளவருக்கு ஏறும். டெஸ்டரை சாக்கெட்டில் வைத்தேன். பேஸ் ஓட்டையில் எரிந்தது, நியூட்ரல் ஓட்டையிலும் எரிந்தது. உடனே மெயினை இறக்கச் சொன்னேன். பேனலைத் திறந்தால், அலுமினிய வயரைச் செம்போடு வெறுமனே முறுக்கி நியூட்ரல் பாரில் சொருகியிருந்தார்கள். வெள்ளையாகப் பூத்து, கரிந்து, தொட்டதும் கையோடு வந்தது. பேனலைச் சுத்தம் செய்து லக் அடித்து முடித்தபோது பாய்லரை நான் திறக்கவேயில்லை.

டிஸ்ப்ளே வைத்த புது பாய்லர்களில், எலிமெண்டைப் போட்டு அணைக்கிற ரிலேக்குப் பதில் எஸ்.எஸ்.ஆர். என்ற கட்டை இருக்கும். அதன் குணம் தெரியாமல் மீட்டரைப் பிடித்தால் திசைமாறிப் போவோம். ஆஃபில் இருக்கும்போதும் அது துளி கரண்டைக் கசியவிடும். லோடைக் கழற்றிவிட்டு வோல்டேஜ் பார்த்தால் மீட்டர் 200-க்கு மேல் காட்டும். "ஷார்ட் ஆயிருச்சு" என்று நல்ல கட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒரு பல்பை லோடாகப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். நிஜமாகவே கெட்டுப்போனால் பெரும்பாலும் மூடிய நிலையில்தான் கெடும். டிஸ்ப்ளே 'ஆஃப்' என்று சொல்லும், தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். அப்போது காப்பாற்ற மிச்சமிருப்பது அந்தக் கட்-அவுட் ஒன்றுதான்.

கட்-அவுட் என்றதும் என் அக்கா மகன் நினைவுக்கு வருகிறான். மெல்போர்னில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான்.

"மாமா, ஒரு மெஷின் பாதியிலயே சூடாக மாட்டேங்குது. பாத்துச் சொல்லுங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற மெஷின். ஜெர்மனியின் பிரவுமைஸ்டர், நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர் என்று இந்த வகைக்குப் பேர்போன கம்பெனிகள் இருக்கின்றனவாம். இவனுடையது வேறு ஏதோ. இங்கே வீட்டில் காய்ச்சினால் 1937-ஆம் வருசத்து மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை. அக்காவிடம் அது பார்லித் தண்ணீர் போடுகிற மெஷின் என்று சொல்லி வைத்திருக்கிறான். பொய் என்றும் சொல்லிவிட முடியாது. முளைகட்டி உலர்த்திய பார்லியை அறுபத்தைந்து டிகிரி சுமாரில் ஊறவைத்து, சக்கையைத் தூக்கிவிட்டு, அந்தத் தித்திப்புத் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டுமாம். ஒரே எஃகுப் பாத்திரம், அடியில் எலிமெண்ட், பக்கத்தில் பம்ப், முன்னால் டிஸ்ப்ளே. பார்த்ததுமே எனக்கு நம்மூர் பால் பாய்லர் கண்ணில் பட்டது.

வீட்டு ட்ரிப்பர் வெட்டவில்லை. பம்ப் ஓடுகிறது, டிஸ்ப்ளே எரிகிறது. ஆகவே கரண்ட் வந்து சேர்கிறது. ஊறவைக்கும்போது சரியாகவே சூடேறுகிறது. கொதி வரும் சமயம் நின்றுவிடுகிறது. அடியில் ஒரு சின்ன ரீசெட் பட்டன் இருக்கிறது, ஆறவிட்டு அமுக்கினால் திரும்ப வருகிறது, மறுபடி நிற்கிறது. பையன் அதற்குள் புது ரிலே கார்டுக்கு ஆர்டர் போடத் தயாராக இருந்தான். அடிமூடியைத் திறக்கட்டுமா என்றான். "பிளக்கைப் புடுங்கினாலும் திறக்காதே" என்றேன். எட்டாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு இன்னொருத்தன் கையை வைத்து நான் வேலை பார்க்க மாட்டேன்.

"ஏதாவது வாசம் வந்துச்சாடா?"

"வெல்லம் தீஞ்ச மாதிரி."

அத்தோடு எனக்கு விசயம் முடிந்தது. இருந்தாலும் சோதித்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, அதே அளவு வெறும் தண்ணீர் ஊற்றி முழுச் சூட்டில் வைக்கச் சொன்னேன். தளதளவென்று கொதித்தது, நிற்கவேயில்லை. எலிமெண்ட், ரிலே, கார்டு எல்லாம் சுத்தம். பார்லி மாவு அடியில் படிந்து தீய்ந்து தட்டாக ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே சூடு தேங்கி, கட்-அவுட் தன் கடமையைச் செய்திருக்கிறது. பால் அடிப்பிடித்தாலும் இதேதான். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்க் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் துடுப்பை ஏன் நிறுத்துவதில்லை என்று அவன் சின்ன வயசில் பார்த்திருக்கிறான். பார்லியைக் கொஞ்சம் கரகரப்பாக உடை, கொதி வரும்வரை அடியைச் சுரண்டிக் கிண்டிக்கொண்டே இரு என்றேன். பின்னால் எக்ஸ்டென்ஷன் ரீல் ஒன்று சுருட்டியபடியே கிடந்தது. அங்கத்து சாக்கெட் 10 ஆம்பியர், மெஷின் 2200 வாட், அதாவது ஒன்பதரை ஆம்பியருக்கு மேல். சுருளுக்குள் சூடு அடைந்து வயர் உருகும். முழுசாக அவிழ்த்துப் போடச் சொன்னேன். அதைச் செய்தானா என்று தெரியாது. பார்லித் தண்ணீர் நன்றாக வந்ததாக மெசேஜ் வந்தது.

எட்டயபுரம் ரோட்டு அண்ணாச்சி விசயத்துக்கு வருகிறேன். அவர் கடையில் எலிமெண்டை மாற்றினேன், ட்ரிப்பர் வெட்டாமல் நின்றது. சித்திரையில் எர்த் காயாமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்று பழைய குழியைத் தோண்டி, கரியோடு பெண்டோனைட் களி கலந்து போட்டேன். தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது என்பதால், கிளாஸ் கழுவுகிற தொட்டியின் கழிவுக் குழாயைக் குழிக்குத் திருப்பிவிட்டோம். கரிசல் குளிர்ந்தது. எர்த் டெஸ்டர் கோடையிலும் ஒற்றை இலக்கத்தில் காட்டியது. எனக்கு ரொம்பப் பெருமை.

கிளாஸ் கழுவுகிற தண்ணீரில் சீனி இருக்கும் என்பது எறும்புகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. குழியில் குடியேறி, எர்த் வயரைப் பிடித்து ஏறி, பாய்லருக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற கான்டாக்டருக்குள் போயின. கான்டாக்ட் மூடும்போதெல்லாம் நசுங்கிச் செத்து, நாளடைவில் நடுவே ஒரு படலமாகவே ஒட்டிக்கொண்டன. கான்டாக்டர் டக்கென்று அடிக்கும், பாய்லருக்குக் கரண்ட் போகாது. இந்தப் பக்கத்து பம்புசெட் ஸ்டார்ட்டர்களில் இது வாடிக்கையான கோளாறு; டவுன் டீக்கடையில் எதிர்பார்க்கவில்லை. பிரஷ் வைத்துத் துடைத்து, பெட்டியின் ஓட்டைகளை அடைத்து, கழிவுக் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரில் சேர்த்தேன். அதில் உப்பு கூடுதல். எர்த்துக்கு நல்லது, பைப்புக்குக் கெடுதல். சில வருசத்தில் பைப்பை அரித்துவிடும், அப்போது மாற்றவேண்டி வரும் என்று அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"எதைத்தான் வே ஒழுங்கா வைப்பீரு?" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.